எடின்பரோவில் ஐம்பது நிமிடம்

கேள்வி: ஒரு மாணவியின் தந்தை, அடையாறு, 7 செப்டம்பர் 2024

என் மகளுக்குப் பத்தொன்பது வயது. பன்னிரண்டு ஆண்டுகளாக வயலின் பயில்கிறாள். வரும் கோடையில் வெளிநாட்டு இசை விழா ஒன்றில் வாசிக்க வேண்டும் என்று கேட்கிறாள். ராகத்தின் பெயரே தெரியாதவர்கள் முன் ஐம்பது நிமிடம் வாசித்துவிட்டுத் திரும்புவது கச்சேரி ஆகாது, கற்கும் வயதில் அது நேர விரயம் என்பது என் கருத்து. போய் வந்தவர்கள் யாரேனும் இருந்தால் மறுத்துச் சொல்லலாம்.

8 செப்டம்பர் 2024

சென்ற மாதம் போய் வந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். எனக்கு இருபத்து மூன்று வயது. மயிலாப்பூரில் வளர்ந்து அங்கேயே வயலின் கற்றவன். ஆகஸ்ட் மாதத்தில் எடின்பரோ நகரில், ஒரு தேவாலயத்தை ஒட்டிய அறுபது நாற்காலிக் கூடத்தில், திங்கள் முதல் சனி வரை ஆறு நாள், பகல் பன்னிரண்டரை மணிக்கு ஐம்பது நிமிடம் வாசித்தேன். மிருதங்கம் வாசித்தவர் என் குருவின் மாணவர்களுக்கெல்லாம் பல ஆண்டுகளாக வாசிப்பவர். நான் அண்ணா என்று அழைப்பவர். தம்பூரா போட ஆள் இல்லை. கைபேசிச் செயலியில் சுருதி வைத்துக்கொண்டோம்.

நீங்கள் சொல்வதில் பாதியை மறுப்பின்றி ஒப்புக்கொள்கிறேன். அது கச்சேரி அல்ல. கச்சேரியின் தொடக்க உருப்படியான வர்ணத்தில் விரல்கள் இளகி, இரண்டு மூன்று உருப்படிகளில் அவை நிலைகொண்டு, ஒரு மணி நேரம் கழிந்த பின் பிரதான ராகத்தைத் தொடும்போது, வாசிப்பவருக்கும் கேட்பவருக்கும் இடையே அதற்குள் ஒரு பழக்கம் ஏற்பட்டிருக்கும். அந்த ஒரு மணி நேரமே அங்கே கிடையாது. முடித்த பதினைந்தாவது நிமிடத்தில் மேடையை ஒழித்துக் கொடுத்துவிட வேண்டும். அடுத்து வரும் நாடகக் குழுவினர் பெட்டிகளுடன் வாசலில் நின்றுகொண்டிருப்பார்கள். நேரம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது பின்சுவரில் ஒரு சிவப்பு விளக்கு எரியும். முதல் நாள் அந்த விளக்கு எரிந்தபோது அண்ணா தனி ஆவர்த்தனத்தில், அதாவது மிருதங்கம் மட்டும் ஒலிக்கும் பகுதியில், மும்மூன்றாக எண்ணும் திஸ்ர நடைக்கு அப்போதுதான் போயிருந்தார். முடிவுக்கான தாளக் கோப்பாகிய கோர்வையைச் சுருக்கி அவர் முடித்த விதம் அழகாகவே இருந்தது. ஆனால் மேடையை விட்டு இறங்கிய பின் அரை மணி நேரம் அவர் யாருடனும் பேசவில்லை. அன்று கேட்க வந்தவர்கள் ஒன்பது பேர்.

நேர விரயம் என்ற மறுபாதியை இரண்டு வரியில் மறுக்க எனக்கு மனமில்லை. அதைப் பிறகு எழுதுகிறேன்.

12 செப்டம்பர் 2024

எடின்பரோ விழாவுக்கு எனக்கு அழைப்பு எப்படிக் கிடைத்தது என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். எனக்கு அழைப்பு கிடைக்கவில்லை. ஆகஸ்டில் அந்நகரில் ஒரே சமயத்தில் பல விழாக்கள் நடக்கின்றன. அவற்றுள் இரண்டை நம் ஊரில் பலரும் ஒன்றாகவே எண்ணுகிறோம். எடின்பரோ சர்வதேச விழா என்பது, இரண்டாம் உலகப் போர் முடிந்த இரண்டாம் ஆண்டில், 1947-ல் தொடங்கியது. விழாக்குழு அழைக்கும் கலைஞர்கள் மட்டுமே அதில் இடம்பெறுவார்கள். அதே ஆண்டில் எட்டு நாடகக் குழுக்கள் அழைப்பு இல்லாமலே வந்து, கிடைத்த இடங்களில் நடித்தன. அதிலிருந்து வளர்ந்ததுதான் ஃப்ரிஞ்ச் எனப்படும் விளிம்பு விழா. இன்று அதில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள் நடக்கின்றன. ஒரு கூடத்தோடு ஒப்பந்தம் செய்துகொள்ளும் எவரும் அதில் பங்கேற்கலாம். நான் வாசித்தது இந்த இரண்டாவது விழாவில். கூடத்துக்கு உரிய பணத்தை நானும் அண்ணாவும் சேர்ந்து கட்டினோம்.

இதை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. 1963-ல் எம்.எஸ். சுப்புலட்சுமியும் பரதக் கலைஞர் தி. பாலசரஸ்வதியும் அந்தச் சர்வதேச விழாவில் பங்கேற்றார்கள். 1965-ல் லால்குடி ஜெயராமன் அங்கே வாசித்தபோது, மேற்கத்திய வயலின் மேதை யெஹுதி மெனுஹின் மனம் மகிழ்ந்து தம் இத்தாலிய வயலினைப் பரிசளித்தார். லால்குடி பதிலுக்குத் தந்தத்தால் செய்த நடராஜர் சிலை ஒன்றை அவருக்கு அளித்தார். வயலின் கற்கும் ஒவ்வொரு சென்னைப் பிள்ளையும் சிறு வயதில் கேட்டு வளரும் செய்தி இது. நானும் அதைக் கேட்டுத்தான் அந்த ஊரின் பெயரை முதலில் அறிந்தேன். அவர்களை அழைத்து வந்து அமர்த்தியது ஒரு விழா; ராயல் மைல் வீதியில் செயின்ட் ஜைல்ஸ் தேவாலயத்தின் முன் நின்று, போவோர் வருவோரிடம் துண்டுத்தாள் கொடுத்து ஆள் சேர்த்தவன் நான். இரண்டும் ஒன்றாகாது.

15 செப்டம்பர் 2024

என்ன வாசித்தேன் என்று கேட்டவருக்கு.

முதல் மூன்று நாளும் ஒரே வரிசைதான். ஹம்ஸத்வனியில் ‘வாதாபி கணபதிம்’, ஐரோப்பிய மெட்டில் அமைந்த ஒரு நோட்டுஸ்வரம், ஒரு சிறு உருப்படி, பிறகு மோகனத்தில் சுருக்கமான ஆலாபனையுடன் (தாளமின்றி ராகத்தை விரிப்பது) பாபநாசம் சிவனின் ‘காபாலி’, தனி, முடிவில் ஒரு தில்லானா. மோகனத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு கணக்கு இருந்தது. ச ரி க ப த என்ற அந்த ஐந்து சுரங்கள் ஸ்காட்லாந்து நாட்டுப்புற இசையில் மிகவும் புழங்குபவை. புத்தாண்டு நள்ளிரவில் அவர்கள் கைகோத்துப் பாடும் ‘ஆல்ட் லாங் சைன்’ பாடலின் மெட்டு முழுவதும் இந்த ஐந்து சுரங்களுக்குள் அடங்கிவிடும். புறப்படுவதற்கு முன் ஆலோசனை கேட்ட இடத்திலெல்லாம் எனக்குக் கிடைத்த பதில் ஒன்றுதான்: மோகனம், ஹிந்தோளம், சுத்த சாவேரி போன்ற ஐந்து சுர ராகங்களை வாசி, தோடி, பைரவி பக்கம் போகாதே, அவர்களுக்கு அவை அபசுரமாகக் கேட்கும்.

கணக்கு பலித்தது. மோகனம் தொடங்கிய சில நொடிகளில் முகங்கள் மலர்ந்தன. நோட்டுஸ்வரத்துக்கோ இன்னும் கூடுதலான வரவேற்பு. ‘வந்தே மீனாக்ஷி’யை நான் வாசித்ததும், இரண்டாம் வரிசையில் இருந்த ஒருவர் தம் பக்கத்தில் இருந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நிகழ்ச்சி முடிந்ததும் அவர் வந்து, அது தாம் சிறு வயது முதல் வாசிக்கும் நடன மெட்டு என்றும், அதை இவ்வளவு மெதுவாக யாரும் வாசித்துக் கேட்டதில்லை என்றும் சொன்னார். அவர் அந்நாட்டு மரபு இசையில் வயலின் வாசிப்பவர். மாலையில் தம் வீட்டுக்கு அழைத்தார்.

அந்த மாலை எனக்கு முக்கியமானது. முத்துசுவாமி தீட்சிதரும் அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதரும் சென்னைக்கு அருகிலுள்ள மணலியில் வாழ்ந்த காலத்தில், புனித ஜார்ஜ் கோட்டையில் வாசிக்கப்பட்ட ஐரோப்பிய வாத்திய இசையைக் கேட்டார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. பாலுசுவாமி ஐரோப்பிய வயலின் கலைஞர் ஒருவரிடம் அந்த வாத்தியத்தைக் கற்று நம் இசைக்குக் கொண்டுவந்தார். முத்துசுவாமி அந்த மெட்டுகள் சிலவற்றுக்கு வடமொழியில் சாகித்தியம் (பாடல் வரிகள்) செய்தார்; அவையே நோட்டுஸ்வரங்கள். கோட்டையிலிருந்து எங்கள் மயிலாப்பூருக்கு வந்து சேர்ந்த அந்த மெட்டை, இரு நூறு ஆண்டுகளுக்குப் பின் நான் ஸ்காட்லாந்துக்காரர் ஒருவரிடம் திருப்பிக் கொடுத்ததாகவே எண்ணினேன். அவர் தம் வயலினை எடுத்து, பழைய ஆட்ட மெட்டுகளுக்கு வழங்கும் ஒரு சுருதி வைப்பு என்று சொல்லித் தந்திகளை ஏ-ஈ-ஏ-ஈ என்று மாற்றி மீட்டிக் காட்டினார். அது நம் ச-ப-ச-ப. அண்ணாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

16 செப்டம்பர் 2024

மேலே எழுதியதில் ஒரு திருத்தம். ‘வந்தே மீனாக்ஷி’யின் மூல மெட்டு அயர்லாந்தைச் சேர்ந்தது; ‘ரேக்ஸ் ஆஃப் மாலோ’ என்பது அதன் பெயர். ஸ்காட்லாந்து வயலின்காரர்களும் அதை வாசிக்கிறார்கள். ஆகவே உரியவரிடமே திருப்பிக் கொடுத்தேன் என்று நான் எழுதியது சரியல்ல. பக்கத்து வீட்டில் கொடுத்தேன் என்பதே சரி.

29 செப்டம்பர் 2024

கேட்பவர்களின் அமைதியைப் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். முதல் நாள் நான் அதைத் தவறாகப் புரிந்துகொண்டேன்.

நம் சபாக்களில் முன்வரிசை என்பது பாதி மேடை. தொடையில் தாளம் விழும். ஒரு நல்ல பிடி (ராகத்தைக் காட்டும் சுரத்தொடர்) வந்தால் தலை அசையும். நாக்கைத் தட்டும் ஓசை வரும். ‘பலே’ என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். ஆலாபனையில் அடுத்து எங்கே போவது என்று தெரியாமல் நிற்கும் கணத்தில், நான் என்னை அறியாமலே அந்த முகங்களைப் பார்த்திருக்கிறேன். எந்தப் பிடிக்குத் தலை அசைந்ததோ அதை இன்னொரு முறை வாசித்து நேரத்தைக் கடந்திருக்கிறேன். இந்தப் பழக்கம் எனக்கு இருக்கிறது என்பதே எடின்பரோவில்தான் தெரிந்தது. அங்கே யாரும் அசையவில்லை. கைகள் மடியில் இருந்தன. உடனுக்குடன் புனையும் கல்பனை சுரம் முடிந்து பல்லவியைப் பிடித்தபோதும், தனியில் அண்ணா முத்தாய்ப்பு வைத்தபோதும் ஓர் ஓசை கிடையாது. அவர்களுக்குப் பிடிக்கவில்லை என்று முடிவு செய்தேன். அடுத்த இரண்டு நாளும் வேகத்தைக் கூட்டி வாசித்தேன். மேல்காலச் சுரங்களை அதிகமாக்கினேன். இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

எங்கள் ஆறு நாள் முடிந்த பின், அடுத்த திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்குச் சர்வதேச விழாவின் நிகழ்ச்சி ஒன்றைக் கேட்க குவீன்ஸ் ஹால் என்ற அரங்குக்குப் போனோம். அது பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தேவாலயமாகக் கட்டப்பட்டு, 1979-ல் இசையரங்காக மாற்றப்பட்ட கட்டடம். இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ கொண்ட நால்வர் குழு வாசித்தது. ஒரு பகுதி முடிந்து அடுத்த பகுதி தொடங்குவதற்கு முன், நால்வரும் வில்லை இறக்காமல் அப்படியே இருந்தார்கள். அரங்கு முழுவதும் அவர்களோடு அந்த இடைவெளியைப் பிடித்துக்கொண்டிருந்தது. நானும் அசையவில்லை. முந்தைய வாரம் முழுவதும் என் முன்னே இருந்ததும் இதே அமைதிதான் என்று அப்போது உணர்ந்தேன்.

10 அக்டோபர் 2024

தோடியைப் பற்றி எழுத இவ்வளவு நாள் எடுத்துக்கொண்டேன்.

புதன்கிழமை இரவு, இனி மோகனம் வாசிக்கப் போவதில்லை என்று அண்ணாவிடம் சொன்னேன். மூன்று நாளும் கூடத்தை விட்டு வெளியே போனவர்கள் மகிழ்ச்சியாகவே போனார்கள். ஆனால் அவர்கள் வீட்டில் ஏற்கெனவே இருந்த ஒன்றையே நான் கையில் கொடுத்து அனுப்பியதாக எனக்குப் பட்டது. ஐந்து சுரம் அவர்களுக்குத் தெரியும். அந்த ஐந்தையும் நேர்நேராகப் பிடித்தாலே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. மூன்றாம் நாள் நானும் அப்படியே வாசிக்கத் தொடங்கியிருந்தேன். ‘காபாலி’யின் அனுபல்லவியில் விரலைச் சறுக்கி வாசிக்க வேண்டிய ஜாருக்கள் தாமாகவே உதிர்ந்துகொண்டிருந்தன. எட்டு ஆண்டுகள் கற்ற கிருதியை மூன்று நாளில் நானே மழித்துக்கொண்டிருந்தேன். அண்ணா சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “என்னடா வாசிக்கப் போறே?” என்றார். “தோடி, ‘கார்த்திகேய காங்கேய’” என்றேன். “சரி, தனிக்கு ஆறு நிமிஷம் மிச்சம் வை” என்று மட்டும் சொன்னார்.

நம் இசை தெரியாதவர்களுக்காகச் சிறிது விளக்குகிறேன்; உங்கள் மகளுக்கு இது தேவையில்லை. தாய் ராகங்களாகிய மேளங்களில் தோடி எட்டாவது. அதன் காந்தாரம், அதாவது ‘க’ சுரம், சாதாரண காந்தாரம் என்று பெயர் பெற்றாலும், அந்த இடத்தில் விரலை ஊன்றி நின்றால் தோடி வராது. ‘ரி’யாகிய ரிஷபத்துக்கும் ‘ம’வாகிய மத்தியமத்துக்கும் இடையே அகன்று அசையும் அசைவுதான் தோடியின் காந்தாரம். மேற்கத்திய முறையில் வயலினை இடக்கையும் சேர்ந்து தாங்குவதால், அந்தக் கை தந்தியின் நெடுகிலும் இப்படித் தாராளமாகச் சறுக்க இயலாது. நாம் தரையில் அமர்ந்து, சுருளை வலது கணுக்காலில் ஊன்றி, மறுமுனையை மார்போடு அணைத்துக்கொள்வதால் இடக்கை முழுச் சுதந்திரம் பெறுகிறது. நம் முன்னோர் அந்த வாத்தியத்தை வாங்கிக்கொண்டு உட்காரும் முறையை மாற்றியது இந்தக் காந்தாரத்துக்காகத்தான் என்று நான் நம்புகிறேன்.

வியாழக்கிழமை பத்தொன்பது பேர் வந்திருந்தார்கள். ‘தோடி’ என்ற பெயரை மட்டும் சொன்னேன். வேறு விளக்கம் சொல்லவில்லை. ஆலாபனைக்கு ஏழு நிமிடம். அசைந்து காட்ட ஒரு தலை இல்லை, சாய்ந்துகொள்ள ஒரு ‘பலே’ இல்லை என்பதால், காந்தாரத்தில் எனக்கு உண்மையில் என்ன தெரியும் என்பதை நானே கேட்டாக வேண்டியிருந்தது. மூன்று நான்கு பிடிகளுக்கு மேல் எனக்குச் சொந்தமாக இல்லை என்று அறிந்தேன். மற்றவை எல்லாம் கேட்டுக் கேட்டுக் கையில் ஏறியவை. அந்த மூன்று நான்கையே நிதானமாக வாசித்தேன். எடின்பரோ கோட்டையில் ஞாயிறு, பெரிய வெள்ளி, கிறிஸ்துமஸ் தவிர நாள்தோறும் பகல் ஒரு மணிக்கு ஒரு பீரங்கி வெடிக்கும். 1861 முதல் இருந்து வரும் வழக்கம். முதல் மூன்று நாளும் அந்தச் சத்தம் எங்கள் கூடத்துக்குள் வந்து, கேட்பவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். வியாழனன்று நான் அதைக் கேட்கவே இல்லை.

முடிந்த பின் ஒரு பெண்மணி வந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். தேவாலயப் பாடகர் குழுவில் பாடுபவர், திங்கட்கிழமையும் வந்திருந்தவர். அவர் சொன்னதை என்னால் இயன்ற அளவு அப்படியே தருகிறேன்: “நீங்கள் வெகுநேரம் ஒரே சுரத்தில் இருந்தீர்கள். ஆனால் ஒரு தடவைகூட அதன்மேல் நிற்கவில்லை. அது எந்தச் சுரம்?” ராகத்தின் பெயர் தெரியாதவர், சுரத்தின் பெயர் தெரியாதவர், தோடியின் இதயத்தில் விரலை வைத்துக் கேட்டார். நான் காந்தாரத்தைப் பாடிக் காட்டினேன். அவர் அதைத் திருப்பிப் பாட முயன்றார். இரண்டாம் முறை ஓரளவு வந்தது. வெள்ளியும் சனியும் மீண்டும் வந்தார்.

ஐயா, நேர விரயமா என்ற உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் இந்த வியாழக்கிழமைதான். முதல் மூன்று நாள் மட்டுமே வாசித்துவிட்டுத் திரும்பியிருந்தால், உங்கள் கருத்தையே நானும் சொல்லியிருப்பேன்.

13 அக்டோபர் 2024

நடைமுறை பற்றிக் கேட்டவர்களுக்குச் சுருக்கமாக.

விசா: நாங்கள் சென்றபோது, கலைஞர்கள் பார்வையாளர் விசாவிலேயே வந்து வாசிக்கலாம் என்று பிரிட்டன் அரசு வெளியிட்டிருந்த விழாக்களின் பட்டியலில் ஃப்ரிஞ்சும் இருந்தது. விதிகள் மாறும், விண்ணப்பிக்கும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

வயலினை விமானத்தில் கையிலேயே எடுத்துச் சென்றேன். மிருதங்கம் சரக்கறைக்குத்தான் போக வேண்டும். சுருதி சேர்க்கும் கல்லையும் கட்டையையும் அதனுடனேயே வைத்துவிடுங்கள். கைப்பையில் வைத்தால் சோதனையில் பதில் சொல்லிக்கொண்டிருக்க நேரும். மிருதங்கத்தின் இடப்பக்கத் தோலான தொப்பிக்குத் தேவையான ரவையை அண்ணா ஒரு சிறு பொட்டலமாகக் கொண்டு வந்திருந்தார்; அங்கே இந்தியக் கடைகளிலும் கிடைக்கிறது. பகலில் இருபது டிகிரியைக்கூட எட்டாத ஈரக் காற்றில் வலப்பக்கத் தோலான வலந்தலையின் சுருதி இறங்கிப்போகும். வெப்பமூட்டிய கூடத்துக்குள் வந்ததும் ஏறத் தொடங்கும். ஆகவே முக்கால் மணி நேரம் முன்பே வாத்தியம் உள்ளே இருக்க வேண்டும். எங்கள் கூடத்தார் பத்து நிமிடத்துக்கு முன் கதவைத் திறக்க மறுத்தார்கள். நான்கு நாள் கழித்து, பக்கத்துச் சமையலறையில் வாத்தியத்தை வைத்துக்கொள்ள அனுமதித்தார்கள்.

கடைசியாக, ஒரு மேடைப் பலகை கேளுங்கள். அங்கே எல்லோரும் நாற்காலியில் அமர்ந்தோ நின்றோ வாசிப்பவர்கள் என்பதால், தரையில் அமர்பவரைப் பின்வரிசைக்குத் தெரியாது என்பது அவர்களுக்குத் தோன்றுவதில்லை. நாங்கள் பவானி ஜமக்காளம் ஒன்றை மடித்துக் கொண்டு போயிருந்தோம். அதன் சிவப்பு, பச்சைப் பட்டைகளைப் படம் எடுத்தவர்கள் எங்களைப் படம் எடுத்தவர்களைவிட அதிகம்.

27 அக்டோபர் 2024

வியாழக்கிழமைப் பதிவு கைக்கு வந்திருக்கிறது. ஒலியமைப்பாளர் எடுத்து வைத்திருந்ததை அனுப்பியிருக்கிறார். இரண்டு முறை கேட்டேன். 10-ஆம் தேதி எழுதியவற்றுள் சிலவற்றை மாற்ற வேண்டும்.

முதலாவது, பீரங்கி. அந்தச் சத்தம் பதிவில் தெளிவாக இருக்கிறது. அது மட்டுமன்று, அந்த இடத்தில் என் வில் ஒரு கணம் நின்று, பிறகு தொடர்கிறது. நான் அதைக் கேட்டிருக்கிறேன், மறந்திருக்கிறேன். கேட்கவே இல்லை என்று எழுதியது உண்மையல்ல. அப்போது அப்படி நம்பித்தான் எழுதினேன்.

இரண்டாவது, நான் பெருமையாக எண்ணிய அந்த ஏழு நிமிடம். பதிவை என் குருவிடம் கொண்டுபோனேன். அவர் எழுபது வயதைக் கடந்தவர். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். காந்தாரம் வந்தபோது அவர் முகத்தில் ஒரு மாற்றம் தெரிந்தது. முடிந்ததும், “காந்தாரம் நன்னா இருக்கு. இதுக்கு முன்னால நீ இப்படி வாசிச்சு நான் கேட்டதில்லை” என்றார். என் மனம் நிறைந்தது. பிறகு கேட்டார்: “தைவதம் எங்கே?” நான் பதில் சொல்லவில்லை. “மேல் ஸ்தாயியை வாசல்ல நின்னு எட்டிப் பாத்துட்டுத் திரும்பிட்டே. கேக்கறவாளுக்குத் தெரியாதுன்னு விட்டியா, நேரம் இல்லேன்னு விட்டியா?”

இரண்டும் இல்லை என்பதுதான் உண்மை. காந்தாரத்தில் கிடைத்ததே போதும் என்று எனக்கு அப்போது தோன்றிவிட்டது. ‘த’, ‘நி’ சுரங்களாகிய தைவதத்தையும் நிஷாதத்தையும் சுற்றி ராகத்தை வளர்த்து, மேல் ஸ்தாயியான தார ஸ்தாயியில் நின்று, படிப்படியாக இறங்கி வருவதற்கு வேண்டிய பொறுமை அந்த ஏழு நிமிடத்தில் இல்லை. இருபது நிமிட ஆலாபனையில் பத்தாவது நிமிடத்துக்கு மேல் வரும் அயர்ச்சியும், அதைத் தாண்டிப் போகும்போது கிடைப்பதும் ஐம்பது நிமிட நிகழ்ச்சியில் யாருக்கும் கிடைக்க வழியில்லை. இந்த இடத்தில் தந்தையார் சொன்னது சரி. நான் முதல் குறிப்பில் எழுதியதைவிட இன்னும் ஆழமாகச் சரி. அங்கே எனக்கு ஒரு சுரம் கிடைத்தது. ராகம் இங்கே குருவின் முன் அமர்ந்து வாசித்தால்தான் கிடைக்கும்.

ஆனாலும் அந்த ஒரு சுரம் பத்தாண்டுகளாக இங்கே கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது.

10 நவம்பர் 2024

டிசம்பரில் ஒரு சபாவில் பகல் பன்னிரண்டு மணிக் கச்சேரி கிடைத்திருக்கிறது. அதன் நிகழ்ச்சி நிரலில் என்னைப் பற்றிய குறிப்பில், ‘எடின்பரோ சர்வதேச விழாவில் வாசித்து உலகப் புகழ் பெற்றவர்’ என்று அச்சாகவிருந்தது. நான் அனுப்பிய குறிப்பில் அப்படி இல்லை. யாரோ அன்பினால் சேர்த்திருக்கிறார்கள். மறுநாள் காலை நேரில் போய், 1963, 1965 ஆகிய ஆண்டுகளில் அங்கே பங்கேற்றவர்கள் யார் என்பதைச் சொல்லி, அந்த வரியை எடுக்கும்படி கேட்டேன். செயலாளர், “இதெல்லாம் எல்லாரும் போட்டுக்கறதுதான் தம்பி” என்றார். பெருமை குறைந்துபோகுமே என்று உண்மையாகவே என் பொருட்டுக் கவலைப்பட்டார். கடைசியில் எடுத்துவிட்டார். இப்போது என் குருவின் பெயரும் நான் கற்ற ஆண்டுகளும் மட்டுமே இருக்கின்றன.

உங்கள் மகள் போய் வந்தால், ஐயா, இந்த ஒரு விஷயத்தில் கவனமாக இருக்கச் சொல்லுங்கள். அங்கே பத்தொன்பது பேர் முன் வாசித்ததைப் பத்தொன்பது பேர் முன் வாசித்ததாகவே வைத்துக்கொண்டால்தான் அது நம்மிடம் தங்கும்.

1 டிசம்பர் 2024

நேற்று ஃபெஞ்சல் புயலால் ஒத்திகை நடக்கவில்லை. இன்று மாலை அண்ணாவோடு அரை மணி நேரம் தொலைபேசியில் பேசினேன். வலந்தலை எடின்பரோவில் இறங்கியதைவிட மயிலாப்பூர் மழையில் அதிகம் இறங்கியிருக்கிறதாம். தோல் முகப்பான மூட்டை மாற்றக் கொடுத்திருக்கிறார். கச்சேரிக்கு முன் வந்துவிடும் என்கிறார்.

அவரிடம் நான் இதுவரை கேட்காத ஒன்றைக் கேட்டேன்: முதல் நாள் சிவப்பு விளக்கு எரிந்து, தனியைச் சுருக்க நேர்ந்தபோது அவருக்கு என்ன தோன்றியது? என் மேல் கோபம் என்று நான் இத்தனை நாளும் எண்ணியிருந்தேன். அவர் அப்படி இல்லை என்றார். அந்தச் சுருக்கிய கோர்வை அவருக்கே புதியதாம். அது எப்படி விழுந்தது என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் இருந்தாராம். அதை அன்றிரவே எழுதி வைத்திருக்கிறார். டிசம்பர் கச்சேரியில் வாசிக்கப் போகிறார்.

22 டிசம்பர் 2024

தந்தையார் மீண்டும் எழுதியிருக்கிறார். மகளை அனுப்ப ஏறக்குறைய முடிவு செய்துவிட்டதாகவும், எந்த உருப்படிகளைத் தயார் செய்ய வேண்டும் என்று சொல்லும்படியும் கேட்கிறார்.

உருப்படிகளை மகளின் குருவே முடிவு செய்ய வேண்டும். நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். இப்போது எந்த ராகத்தில் அவர் திணறிக்கொண்டிருக்கிறாரோ, எதை நாள்தோறும் சாதகம் செய்தும் திருப்தி வரவில்லையோ, அதையும் கொண்டுபோகட்டும். அங்கே உள்ளவர்களுக்குப் பிடிக்கும் என்று நாம் இங்கிருந்தே முடிவு செய்து எடுத்துப் போகும் ராகம், மூன்றாம் நாளில் தேய்ந்துவிடுகிறது. ஒரு நாளாவது விளக்கம் சொல்லாமல் வாசிக்கட்டும். வாசித்ததைப் பதிவு செய்து, திரும்பிய அன்றே குருவிடம் கொடுக்கட்டும். நான் இரண்டு மாதம் தாமதித்தது தவறு.

என் கச்சேரி நாளை மறுநாள். ஒன்றேகால் மணி நேரம் கொடுத்திருக்கிறார்கள். பிரதான ராகம் தோடி. ஆலாபனைக்குப் பதினைந்து நிமிடம் வைத்திருக்கிறேன். அதில் பாதியைத் தைவதத்துக்கு மேலே வாசிக்க வேண்டும் என்று குரு சொல்லியிருக்கிறார், இந்த இரண்டு மாதமும் அதைத்தான் வாசித்துக்கொண்டிருக்கிறேன். முன்வரிசையில் யார் யார் இருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். காந்தாரத்தை வாசிக்கும் வரை கண்ணைத் திறக்காமல் இருக்கப் பார்க்கிறேன்.

அண்ணாவுக்கு மிருதங்கம் நேற்று வந்துவிட்டது. மாலை நான்கு மணிக்கு ஒத்திகை.